ஐந்து மாடிக்கு ஓர் ஆமென்

தூத்துக்குடியில் எங்கள் பெனியேல் காலனியிலிருந்து பார்த்தால் கடல் தெரியும் என்று இங்கே குடியிருக்கிற எல்லாரும் நம்புகிறார்கள். தெரிய வேண்டுமென்றால் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்று, கிழக்கே பார்த்து, குதிகாலை உயர்த்த வேண்டும். அப்போதும் தெரிவது துறைமுகத்துக் கிரேன்கள்தான். கிரேனுக்கு அடியில் கடல் இருக்கும் என்று நாமாக வைத்துக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்து அப்படி ஏறிப் பார்த்த ஒரே ஆள் பிளம்பர்.

ஆனால் என் வீட்டை இடித்துவிட்டு அந்த இடத்தில் ஐந்து மாடிக் குடியிருப்பு வரப்போகிறது என்று தெரிந்த அன்றைக்கே, "எங்க கடல் காட்சி போச்சே" என்று காலனி முழுக்க மாரடித்தது.

நான் ஈவாஞ்சலின். பெண்கள் பள்ளியில் இயற்பியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். என் கணவர் தேவதாசன் கப்பல் ஏஜென்சியில் நன்றாகச் சம்பாதித்து, மாடியும் கீழுமாக ஒரு வீட்டைக் கட்டி, அதில் எட்டுப் பேர் இருக்கிற மாதிரி அறைகளையும் வைத்துவிட்டு, போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் பெவின் கனடாவில் இருக்கிறான். வீட்டில் நான் ஒருத்தி. காம்பவுண்டுச் சுவர் என் தலைக்கு மேலே, அதற்கு மேலே கண்ணாடிச் சில்லு. எங்கள் காலனியில் கௌரவத்தைச் சுவரின் உயரத்தை வைத்துத்தான் அளப்பார்கள்.

போன வருஷம் ஒருநாள் காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். கணுக்கால் முறிந்துவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை. "ஆண்டவரே! ஆண்டவரே! யாராவது வாங்களேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். குளியலறை ஜன்னலுக்கு நேர் எதிரே பக்கத்து வீட்டு நேசக்குமார் சாருடைய படிப்பறை. அவர் ஓய்வு பெற்ற கல்லூரி பிரின்சிபால், எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்தின் தலைவர். ஒருவரும் வரவில்லை. மத்தியானம் மீன்காரி டயானா வந்துதான் என்னைக் காப்பாற்றினாள். அவள் மீனவர்கள் குடியிருக்கிற திரேஸ்புரத்துக்காரி, ஸ்கூட்டியில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு வந்து மீன் விற்கிறவள். மணியை அடித்துப் பார்த்து, நான் வராததால் பின்பக்கமாய்ச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு நேசக்குமார் சாரும் அவர் மனைவி கிருபை அக்காவும் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். கிருபை அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு உருக்கமாய்ச் சொன்னாள்:

"காலம்பறயே ஒங்க சத்தம் கேட்டுச்சு ஈவா. 'ஆண்டவரே, ஆண்டவரே'ன்னு. நான் போய்ப் பாக்கட்டான்னு கேட்டேன். சார்தான் சொன்னாவ, 'டீச்சர் மனபாரத்தோட ஜெபம் பண்ணுதாவ, நடுவுல போய்த் தொந்தரவு பண்ணாத'ன்னு. எங்க வீட்டு டிவி சத்தத்தக்கூடக் கொறச்சி வச்சோம்."

இதற்கு என்ன சொல்வது? நன்றி சொன்னேன். வேறு எந்த ஊரிலாவது ஒருத்தி உயிர்போகக் கத்தினால் திருடன் வந்துவிட்டானோ, பாம்பு வந்துவிட்டதோ என்று ஓடிவருவார்கள். எங்கள் காலனியில் மட்டும்தான் டிவி சத்தத்தைக் குறைப்பார்கள். அன்றைக்கே கட்டிலில் படுத்தபடி முடிவு செய்துவிட்டேன். என் வீட்டுக் கதவைத் திறந்தால் எதிரே இன்னொரு வீட்டுக் கதவு இருக்க வேண்டும். அந்தக் கதவுக்குப் பின்னால் ஆள் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். இனி ஒரு தடவை அப்படித் தனியாய்க் கிடந்து சாக நான் தயாராக இல்லை.

கால் கட்டு பிரித்ததும் சிவபாலனைக் கூப்பிட்டேன். அவன் கட்டட புரமோட்டர். இங்கே பக்கத்திலிருக்கிற புதுக்கோட்டையில் அவன் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. அந்த ஒரு காரணத்துக்காகவே எங்கள் காலனியில் அவன் பெயர் சிவபாலன் அல்ல, 'கருப்பட்டிக் கடைக்காரர் மவன்'. எங்கள் நாசரேத், சாத்தான்குளம் கொள்ளுத்தாத்தாக்களும் அவனுடைய கொள்ளுத்தாத்தாவும் அநேகமாக ஒரே விளையில் பனை ஏறியவர்கள்தான். எங்கள் ஆட்கள் பள்ளிக்கூடத்துக்குப் போனதால் பனையை விட்டு இறங்கினார்கள். அவன் ஆட்கள் கடை வைத்ததால் இறங்கினார்கள். முதலில் இறங்கினவர்களுக்கு இரண்டாவது இறங்கினவர்களைக் கண்டால் ஓர் இளக்காரம்.

நிலத்தை அவனுக்குக் கொடுப்பது, மூன்றாம் மாடியில் எதிரெதிராக இரண்டு வீடுகளை எனக்கு அவன் தருவது, மீதிக்குப் பணம் என்று பேச்சு முடிந்தது. இரண்டாவது வீடு பெவினுக்காக. அவன்தான் அப்படிக் கேட்டான். "லீவுக்கு வந்தா எங்களுக்குன்னு ஒரு இடம் வேணும்லாம்மா" என்றான். சரி, எப்போதாவது எதிர்க் கதவு திறக்குமே என்று நானும் ஒத்துக்கொண்டேன். சிவபாலன் வழவழவென்று ஒரு விளம்பரப் புத்தகம் அடித்துக்கொண்டு வந்தான். பெயர் 'பெனியேல் பேர்ல் ஹைட்ஸ்'. இந்த ஊரில் மூன்று மாடிக்கு மேல் எழும்புகிற எதற்கும் முத்து என்று பெயர் வைக்காவிட்டால் லிப்ட் ஓடாது போலிருக்கிறது. அட்டையில் ஒரு வெள்ளைக்காரி பால்கனியில் நின்று காப்பி குடிக்கிறாள். அவள் காலடியிலேயே நீலக் கடல்.

"ஏலே சிவபாலா, கடல் எப்ப இவ்வளவு கிட்ட வந்துச்சி?" என்று கேட்டேன்.

"அது படத்துல மட்டும் டீச்சரம்மா" என்றான் வெட்கமில்லாமல்.

சங்கம் அவசரக் கூட்டம் போட்டது. கூட்டத்தில் என் வீட்டின் அருமை பெருமைகளை முதன்முதலாக நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அது காலனியின் பாரம்பரியச் சின்னமாம். அதன் முன்னாலிருக்கிற வேப்பமரம் எல்லாருக்கும் மூச்சுக்காற்று தருகிறதாம். அந்த வேப்பமரத்து இலை தங்கள் காரில் விழுகிறது, வெட்டுங்கள் என்று மூன்று தடவை எனக்கு எழுதிக் கொடுத்ததும் இதே சங்கம்தான். ஐந்தாம் மாடியில் நிற்கிறவன் நம் வீட்டுக் கொடியில் காயும் துணியைப் பார்ப்பான் என்று ஒருவர் கவலைப்பட்டார். நிலத்தடி நீர் வற்றிவிடும் என்றார் ஒரு டாக்டர். அவர் வீட்டில் நீச்சல்குளம் இருக்கிறது.

இதெல்லாம் பேப்பரில் எழுதுவதற்கான காரணங்கள். உள்ளே இருந்தது என்னவென்று டீ வந்தபிறகு வெளியே வந்தது. கிருபை அக்காதான் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "கட்டடம் வந்தா வரட்டும். யார் யாரெல்லாம் வந்து குடியேறுவானோ, அதுதான் பயமா இருக்கு." எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அன்று முழுக்க ஒருவர்கூட மறுத்துப் பேசாத ஒரே விஷயம் அதுதான்.

ஆட்சேபணை மனு போயிற்று. காலனியில் கையெழுத்துப் போடத் தெரிந்த அத்தனை பேரும் போட்டிருந்தார்கள். அந்தக் கால்வலியோடு, அந்தப் பெரிய வீட்டில், இன்னும் எத்தனை வருஷம்? மனுமேல் மனுவாய்ப் போட்டு இழுத்தடித்தால் என் காலம் அந்தக் கண்ணாடிச் சில்லுக்குள்ளேயே முடிந்துவிடும்.

நகரமைப்பு அதிகாரி உமாராணி என்று ஒரு சின்னப் பெண். நேரில் வந்து இடத்தைப் பார்த்து, இரண்டு தரப்பையும் அங்கேயே வைத்துக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டாள். சிவபாலன் என் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, எல்லாருக்கும் இளநீரும் வைத்திருந்தான். ஒரு மூலையில் செங்கலும் மணலும் மண்வெட்டியும் கிடந்தன. ஆழ்துளைக் கிணறு போடுவதற்காகக் கொண்டுவந்து இறக்கியது. சங்கத்துக்காரர்கள் வெள்ளையும் சொள்ளையுமாக, எதிரியின் இளநீரைக் குடித்துக்கொண்டே எதிர்ப்பதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆரம்பிக்கலாமா சார்?" என்று உமாராணி கேட்டாள்.

நேசக்குமார் சார் எழுந்து மனுவைப் பிரித்தார். அப்போது கிருபை அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "ஜெபம் பண்ணாம எப்படிங்க ஆரம்பிக்க?"

எங்கள் ஆட்களைத் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். பெனியேல் காலனியில் ஜெபம் பண்ணாமல் எதுவும் ஆரம்பிக்காது. கல்யாணம், காதுகுத்து, புதுக் கார், புதுப் பிரிட்ஜ், எதுவானாலும் ஜெபம். ஜெபம் பண்ணச் சொல்லிக் கேட்டால் மாட்டேன் என்று சொல்லக்கூடாது. அப்படிச் சொன்னவன் ஆத்துமா செத்தவன் என்று அர்த்தம். அதிலும் நேசக்குமார் சார் ஜெபத்தில் பேர் பெற்றவர். நாசரேத்திலிருந்து தூத்துக்குடி வரைக்கும் அவர் ஜெபம் பண்ணி அஸ்திவாரம் போட்ட வீடுகள், பள்ளிக்கூடங்கள், கோழிப்பண்ணைகள் கணக்கில் அடங்காது. அப்படிப்பட்டவர் கண்ணுக்கு முன்னால் செங்கல், மணல், மண்வெட்டி, பந்தல், அதிகாரி, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற புரமோட்டர். அவர் மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கண்ணை மூடினார். அதற்குப் பிறகு நடந்ததற்கு அவருடைய வாய்தான் பொறுப்பு, அவர் அல்ல.

"அன்பின் பரலோகப் பிதாவே, இந்த நல்ல சாயங்கால வேளைக்காக உமக்கு ஸ்தோத்திரம்."

"ஸ்தோத்திரம்" என்றது கூட்டம்.

"இந்த நிலத்தை இதுவரைக்கும் பாதுகாத்து வந்தீரே, ஸ்தோத்திரம். இதை விலை கொடுத்து வாங்க உமது பிள்ளைக்குக் கிருபை செய்தீரே, ஸ்தோத்திரம்."

சிவபாலன் நெற்றியில் திருநீறோடு கையைக் கூப்பிக்கொண்டு நின்றான். தன்னைத்தான் சொல்கிறார் என்று அவனுக்கு ரொம்பச் சந்தோஷம்.

"இங்கே எழும்பப்போகிற இந்தக் கட்டடத்தை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம் ஆண்டவரே. வேலை செய்கிற கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் ஒரு சேதமும் வராமல் காத்தருளும். சிமெண்டு, கம்பி, ஜல்லி எல்லாம் ஏற்ற நேரத்தில் கிடைக்கும்படி கிருபை செய்யும்."

"ஆமென்!"

எனக்குக் கண் தானாகத் திறந்துவிட்டது. சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் கண்ணைத் திறக்கவில்லை. மனுவை எழுதிக்கொடுத்த டாக்டர் தலையைக் குனிந்து உருகிக்கொண்டிருந்தார். சாருடைய குரல் மேலே ஏற ஏற அவர்களுடைய ஆமெனும் மேலே ஏறியது.

"இந்த வேலைக்கு விரோதமாய்ப் பேசுகிற வாய்களை நீரே கட்டிப்போடும். தடையாய் எழும்புகிற மனுஷருடைய ஆலோசனைகளை அவமாக்கும். யார் எதிர்த்து நின்றாலும் இது தடையில்லாமல் எழும்பட்டும். இங்கே குடிவருகிற ஒவ்வொரு குடும்பத்தையும் எங்கள் சொந்தச் சகோதரராய் ஏற்றுக்கொள்ள எங்களுக்கு நல்ல இருதயத்தைத் தாரும். ஆமென்."

"ஆமென்!" என்று காலனியே கர்ஜித்தது. வேப்பமரத்திலிருந்து காக்கைகள் பறந்தன.

கண்களைத் திறந்த பிறகுதான் என்ன நடந்தது என்பது ஒவ்வொரு முகத்திலும் மெல்ல மெல்ல ஏறியது. நேசக்குமார் சார் சட்டைப்பையிலிருந்து மனுவை வெளியே எடுத்தார், பார்த்தார், திரும்பவும் உள்ளே வைத்தார். சிவபாலனுக்குக் கண் கலங்கியிருந்தது. "ஐயா, எங்க பூமி பூஜைக்கு வந்தவங்ககூட இப்படி மனசார வாழ்த்துனதில்ல" என்று அவர் காலில் விழப்போனான்.

உமாராணி தொண்டையைக் கனைத்தாள். "அப்போ ஆட்சேபணைன்னு சொன்னீங்களே?"

"அது வந்து மேடம், ஜெபம் வேற, மனு வேற" என்றார் சார்.

"கடவுள்கிட்ட ஒண்ணு கேட்டுட்டு எங்கிட்ட வேற ஒண்ணு கேக்குதீங்களே சார்?" என்றாள். அவள் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. "பிளான் எல்லாம் விதிப்படிதான் இருக்கு. அதுக்கு மேல ஆட்சேபணை இருக்கிறவங்க தனித்தனியா இப்ப எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நான் வாங்கிக்கிடுதேன்."

ஒருவரும் எழவில்லை. ஆமென் சொன்ன வாய் இன்னும் மூடவில்லை, அதற்குள் எழுந்துபோய் எதிர்க்கையெழுத்துப் போடுகிற தைரியம் யாருக்கு வரும்? அதுவும் பக்கத்து நாற்காலிக்காரன் பார்த்துக்கொண்டிருக்கும்போது? போதாததற்கு சிவபாலனுடைய ஆள் ஒருவன் முழுவதையும் செல்போனில் பிடித்து, இரவுக்குள் ஊர் முழுக்க அனுப்பிவிட்டான்.

அடுத்த வாரம் பூராவும் காலனியில் ஒரே வேத விசாரணை. சொன்ன ஆமெனைத் திரும்ப வாங்கலாமா? உபவாசம் இருந்து ஒரு திருத்த ஜெபம் பண்ணினால் முந்தின ஜெபம் ரத்தாகுமா? ஆண்டவருக்கு நம் உள்மனசு தெரியும், அதனால் அதைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்வார் என்று டாக்டர் வாதாடினார். உள்மனசை எடுத்துக்கொண்டால் காலனி முழுக்க அழிந்துபோகும் என்று எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை. கடைசியில் குருவானவரிடம் போய்க் கேட்டார்கள். அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "ஆமென்னா ஆமென்தான்."

வீட்டை இடித்தார்கள். நான் மாப்பிள்ளையூரணியில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனேன். அஸ்திவாரம் எழும்பிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஞாயிற்றுக்கிழமை டயானாவின் தம்பி சிலுவை, மனைவி பிலோமியோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் வந்து இடத்தைச் சுற்றிப் பார்த்தான். சிலுவைக்குச் சொந்தமாய் விசைப்படகு இருக்கிறது. மழைக்காலத்தில் அவர்கள் தெருவில் தண்ணீர் ஏறிவிடுகிறது. பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் பக்கம். இரண்டாம் மாடியில் ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனான். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. மேலும் கீழுமாக இருந்தாலும் அந்தக் குடும்பத்துக்கு ஒரு சத்தம் கேட்டால் போதும், வந்துவிடுவார்கள்.

சிலுவையைச் சங்கத்துக்காரர் யாரோ பார்த்துவிட்டார். மறுநாளே கூட்டம். என்னை அழைக்கவில்லை. நான் இப்போது காலனிக்காரி இல்லையாம். ஆனாலும் போனேன், கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

"நான் எதுவும் வித்தியாசமா சொல்லல" என்று நேசக்குமார் சார் ஆரம்பித்தார். அப்படி ஆரம்பித்தாலே வித்தியாசமாகத்தான் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். "அவங்களும் ஆண்டவருடைய பிள்ளைகள்தான். ஆனா பால்கனியில கருவாடு காயப்போட்டா நம்ம கதி என்ன? அதனால நமக்கு முன்னால இருக்கிற ஒரே வழி, அந்த வீடுகளை நாமளே வாங்கிடுறது."

ஜெபத்தால் தடுக்க முடியாததைப் பணத்தால் தடுத்தார்கள். கனடா மகன் பேரில், ஆஸ்திரேலியா மகள் பேரில், துபாய் மருமகன் பேரில் என்று பத்தே நாளில் எல்லா வீடுகளும் விற்றுவிட்டன. சார் வாங்கியது ஐந்தாம் மாடியில், கடல் பார்த்த பக்கம். சிவபாலன் சிலுவையின் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். "எனக்கு வித்தா போதும் டீச்சரம்மா, யாருக்குங்கிறது அவங்க பிரச்சனை" என்றான். அவனைக் கெட்ட வார்த்தையில் திட்ட வேண்டும் என்று வாய்வரை வந்தது. நாசரேத்தில் வளர்ந்ததால் எனக்குக் கெட்ட வார்த்தையே சரியாக வராது.

டயானாவிடம் மன்னிப்புக் கேட்டேன், யாருக்காகக் கேட்கிறேன் என்று தெரியாமலேயே. அவள் சாளையை எடை போட்டுக்கொண்டே சொன்னாள்: "எங்க தம்பி என்ன, தெருவுலயா கெடக்கான்? இருக்கட்டும் டீச்சர். நீங்க அந்த ஆளுவளோட தனியா இருக்கணுமேன்னுதான் எனக்குப் பாவமா இருக்கு."

கட்டடம் எழும்பியது. பிரதிஷ்டை அன்று வாசலில் பளிங்குக் கல் திறந்தார்கள். எங்கள் ஆட்களுக்குக் கல்லில் பேர் வராவிட்டால் கட்டடம் நிற்காது. சிவபாலன் பேருக்கு மேலே, அவனைவிடப் பெரிய எழுத்தில், 'அஸ்திவார ஜெபம் ஏறெடுத்தவர்: பேராசிரியர் நேசக்குமார்' என்று பொறித்திருந்தது. அது அவரே கேட்டு வாங்கியது. பிரியாணி சாப்பிட்டார்கள், லிப்டில் மேலும் கீழும் போய் வந்தார்கள், செல்பி எடுத்தார்கள். சாயங்காலம் ஒவ்வொருவராகக் கதவைப் பூட்டிக்கொண்டு தங்கள் தங்கள் வீட்டுக்குப் போனார்கள்.

அதற்குப் பிறகு யாருமே வரவில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காக வாங்கிய வீடுகளில் இங்கே யார் குடியிருப்பார்கள்? வாடகைக்கு விட்டால் கண்டவன் வருவான். ஆகவே எல்லாம் பூட்டு. ஐந்து மாடியில் மூச்சுவிடுகிற ஜீவன் நான் ஒருத்தி. முந்தி எனக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான் இருந்தது. இப்போது மேலே, கீழே, இடது, வலது என்று நான்கு பக்கமும் ஆளில்லாத வீடு. எதிர்க் கதவில் என் சொந்த மகன் போடச் சொன்ன பூட்டு. இதற்காகவா வீட்டை இடித்தேன்? ராத்திரி படுக்கையில் பயந்து கிடந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நேசக்குமார் சார் ஒருநாள் ஒரு பை நிறையச் சாவிகளோடு வந்தார். "டீச்சர், நீங்க ஒருத்தி இங்கன இருக்கிறதுதான் எங்க எல்லாருக்கும் தைரியம். மாசத்துக்கு ஒருக்கா எல்லா வீட்டையும் தொறந்து பைப்ப கொஞ்சம் ஓடவிட்டுருங்க. இல்லன்னா துருப்பிடிச்சிரும். பேனையும் போட்டு நிறுத்திருங்க." சும்மா தரவில்லை, ஜெபம் பண்ணித்தான் சாவியைக் கொடுத்தார். வாட்ச்மேனுக்காவது சம்பளம் உண்டு.

இரண்டு மாதம் அதையும் செய்தேன். பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபாக்களுக்கு நடுவே நொண்டிக்கொண்டே போய், யாரும் சமைக்காத குசினிகளில் குழாயைத் திறந்து, தண்ணீர் வீணாய்ப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது மாதம் சாவிப்பையை ஆட்டோவில் எடுத்துக்கொண்டு போய் கிருபை அக்கா கையில் கொடுத்துவிட்டேன். "எனக்கு மூட்டுவலி அக்கா. நீங்க எல்லாரும் ஆளுக்கொரு நாளா வந்து தொறந்துக்கிடுங்க" என்றேன். அதே ஆட்டோவில் திரேஸ்புரத்துக்குப் போனேன்.

எதிர்வீட்டுப் பத்திரம் என் பெயரில்தான் இருக்கிறது; அதில் வந்து குடியிருக்கச் சொன்னேன். சிலுவை முதலில் தயங்கினான். "வேணாம் டீச்சர், பெறவு ஒங்களுக்குத்தான் சங்கடம்" என்றான். பிலோமி அவனைப் பேசவிடவில்லை. "என்னைக்கு வரட்டும்?" என்று மட்டும் கேட்டாள்.

அவர்கள் சாமான் இறக்கிய மறுநாள் நேசக்குமார் சார் வந்துவிட்டார். லிப்டிலிருந்து இறங்கும்போதே மூக்கைச் சுருக்கிக்கொண்டு வந்தார்.

"டீச்சர், சங்க விதிப்படி உறவுக்காரங்களுக்கு மட்டும்தான் வீடு கொடுக்கலாம். அது தெரியும்லா ஒங்களுக்கு? நாளைக்கு மீன் வாசம்னு எல்லாரும் எங்கிட்டத்தான் வந்து கேப்பாவ."

"யார் கேப்பா சார்? பூட்டிக் கெடக்கிற வீட்டுக்குள்ள எந்த மூக்குக்கு வாசம் போகப்போகுது?"

அவர் திரும்பி லிப்ட் பொத்தானை அழுத்தினார். "இங்கே குடிவர்ற ஒவ்வொரு குடும்பத்தையும் சொந்தச் சகோதரராய் ஏத்துக்கிடணும்னு நீங்கதான் கேட்டீங்க. நாங்க எல்லாரும் ஆமென் சொன்னோம். வீடியோ எங்கிட்ட இருக்கு, போடட்டுமா?" என்றேன். அவர் லிப்டுக்குக் காத்திருக்காமல் படி இறங்கிப் போனார்.

அவரை எளிதாகச் சமாளித்துவிட்டேன். அன்று பெவின் வீடியோ காலில் வந்தான். அவனுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள்.

"அம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம கொடுத்திருக்கீங்க. அதுகூடப் பரவால்ல. என்ன மாதிரி ஆளுங்கன்னு பாக்க வேண்டாமா? நம்ம லெவல் என்ன, அவங்க லெவல் என்ன?"

அந்த வார்த்தைகள் எனக்குப் புதிதில்லை, டீ குடித்துக்கொண்டே எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டவைதான். ஆனால் அவற்றைச் சொன்ன வாய்க்கு நான் சோறு ஊட்டியிருக்கிறேன். காலனியில் எல்லாரையும் கேலி பண்ணிக்கொண்டிருந்தவளின் வீட்டிலேயே ஒருவன் அப்படியே வளர்ந்திருக்கிறான், ஸ்காலர்ஷிப்பும் வாங்கியிருக்கிறான்.

"ஏலே பெவின், நான் விழுந்தா ஒன் லெவல் வந்து தூக்குமால? நீ லீவுக்கு வரும்போது நல்ல ஓட்டல்ல ரூம் போட்டுத் தாரேன். இப்ப போனை வை" என்றேன்.

எதிர்வீடு சும்மா இருக்கிற வீடு இல்லை. காலையில் ஐந்து மணிக்குச் செல்போனில் பாட்டு. பிள்ளைகள் வராந்தாவில் சைக்கிள் ஓட்டுகிறார்கள், என் கதவில் வந்து முட்டித்தான் நிறுத்துகிறார்கள். கறிவேப்பிலைக்கு ஒரு தடவை, பெருங்காயத்துக்கு ஒரு தடவை, ஒன்றுமில்லாமல் ஒரு தடவை என்று பிலோமி வருகிறாள். குழம்பு வாசம் என் தலையணை வரைக்கும் வந்துவிட்டது. சங்கத்துக்காரர்கள் பயந்ததில் அந்த ஒன்று மட்டும் உண்மை.

நேற்று மத்தியானம் மாத்திரையின் மயக்கத்தில் நன்றாகத் தூங்கிவிட்டேன். யாரோ கதவை இடிக்கிற இடியில் பதறி எழுந்தேன். திறந்தால் பிலோமி. முகமெல்லாம் வியர்வை. பின்னால் இரண்டு பிள்ளைகளும் மிரண்டு நிற்கிறார்கள்.

"சத்தத்தையே காணலியே டீச்சர்! ரொம்ப நேரமா கொழா தொறந்த சத்தம்கூடக் கேக்கல. நான் பயந்தே போயிட்டேன்."

"மனுஷி மத்தியானம் தூங்கக் கூடாதா? இப்படியா கதவ ஒடைப்பே?" என்று அவளை நன்றாகத் திட்டினேன்.

"தூங்குங்க, நல்லாத் தூங்குங்க. ஆனா தாப்பாள் மட்டும் போடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனாள்.

கதவைச் சாத்தினேன். அதன்மேல் சாய்ந்து நின்று, எதிர்வீட்டுக்குக் கேட்டுவிடுமே என்ற கவலைகூட இல்லாமல், வாய்விட்டு அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு மறுபடியும் படுத்தேன். தாழ்ப்பாள் போடவில்லை.